அசையாத ரேகை

மகளே கிருத்திகா,

நீ இன்றும் வழக்கமான காலை ரயிலில் ஏறிப் போன பின், மலைக்குச் செல்லாமல் வீட்டிலேயே அமர்ந்து இதை எழுதுகிறேன். விடியலில் படியேறி முருகன் திருமுன் நின்று பாடிவிட்டு வரும் வழக்கத்தை நோயாலன்றி நான் விட்டதில்லை என்பதை நீ அறிவாய். இன்று நோய் ஏதும் இல்லை. ஆயினும் இதை எழுதி முடிக்காமல் அங்கே வாய் திறக்கத் துணிவு வரவில்லை. நேரில் சொல்லத்தான் முயன்றேன். நீ எதிரே அமர்ந்ததும் பேச்சை வேறெதற்கோ திருப்பினேன். முப்பது ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து, பிறர் சொல்வதை எழுத்தில் அமைத்தே பிழைத்தவன் நான். என் சொல்லையும் எழுத்தில்தான் அமைக்க வரும் போலும். இதை உறையிலிட்டு ஒட்டப் போவதில்லை. உன் தாய் படிக்கட்டும். இதைப் படிக்க உரிமையுள்ள வேறு சிலரும் படிக்கட்டும்.

சட்டப் படிப்பின் நான்காம் ஆண்டில், சென்னையில் ஒரு வணிகச் சட்ட நிறுவனத்தில் நான்கு வாரம் வேலை பழக உனக்கு இடம் கிடைத்தபோது இந்த வீட்டில் நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்கவில்லை. முதல் நாள் திரும்பி வந்து நீ சொன்னவற்றை ஒரு தலபுராணம் கேட்பவனைப் போலக் கேட்டேன். உள்ளே ஏறிய பின் அமுக்குவதற்குப் பொத்தானே இல்லாத லிஃப்ட். நடந்தால் ஓசை எழாத தரை விரிப்பு. சித்திரை வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் வக்கீல்கள். திருப்பதி சாலையோரம் கிடங்கு கட்ட நிலம் வாங்கப்போகும் ஒரு கம்பெனிக்காக மூலப் பத்திரங்களையெல்லாம் படித்து, உரிமை சரியாக இறங்கி வந்திருக்கிறதா என்று குறிப்பு எழுதுவது உன் வேலை. ஆங்கிலத்தில் ஆயிரம் பக்க ஒப்பந்தம் எழுதும் அவர்களுக்கு நம் பக்கத்துப் பழைய கையெழுத்துப் பத்திரங்கள் படிக்க வரவில்லை என்றும், ஆகவே உன்னைத் ‘தமிழ் டிபார்ட்மெண்ட்’ என்று அழைத்துக் கட்டுக் கட்டாக உன் மேசையில் வைக்கிறார்கள் என்றும் சொல்லிச் சிரித்தாய். எந்த நிலம், எவருடைய கோப்பு என்று நீ சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்ற விதியை நீ மதித்தாய். நானும் கேட்கவில்லை.

ஆனால் சென்ற ஞாயிறு, மதிய உணவின்போது, இலையைப் பார்த்தபடியே ஒன்று கேட்டாய். “நைனா, செத்தவங்க ரேகை எப்படி இருக்கும்?” உன் தாய் ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, “சோறு துன்ற நேரத்துல கேக்கற கேள்வியாடி இது” என்று அதட்டினாள். “மத்த ரேகையெல்லாம் கொஞ்சம் ஓடியிருக்கும். ஒரு பக்கமாவது இழுத்திருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்படியே படுத்துக்கினு இருக்குது” என்றாய். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு நான் மோருக்குக் கை நீட்டினேன். அது பொய், மகளே. உயிருள்ள விரல் தாளில் பட்டதும் தானாகவே சிறிது அஞ்சும், பின்வாங்கப் பார்க்கும், அந்த அச்சத்தின் தடம்தான் ரேகையின் ஓரத்தில் மையாக இழுபட்டு நிற்கும். ஆயிரக்கணக்கான விரல்களைப் பிடித்து உருட்டியவன் சொல்கிறேன். அஞ்சாத விரல் ஒன்றைத்தான் நான் பிடித்திருக்கிறேன். நீ எந்தப் பத்திரத்தைப் பார்த்தாய் என்பதை நீ சொல்லாமலே அறிந்தேன். அதன் எழுத்து எவருடையது என்பதை நீயும் அறிந்திருப்பாய். அந்த எழுத்தைப் பார்த்துத்தானே நீ எழுதப் பழகினாய்.

கனகம்மாசத்திரத்தை அடுத்த சிற்றூரில் நாகம்மா என்று ஒரு கைம்பெண் இருந்தாள். மூத்தவன் ஒரு மகன். இளையவள் ரேணுகா, பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். நாகம்மாவின் பெயரில் சாலையோரம் மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. நீ உன் தாயின் வயிற்றில் ஏழு மாதம் இருந்த காலத்தில், அந்த நிலம் முழுவதையும் தாய் தனக்கே கொடுப்பதாக செட்டில்மெண்ட் பத்திரம் எழுதவேண்டும் என்று மகன் என்னிடம் வந்தான். நான் எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்ட அவள் படுக்கைக்கே போனேன். அவள் நோயுற்றிருந்தாலும் தெளிவாக இருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, “பொண்ணாண்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வெக்கிறேன் சாமி” என்றாள். மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. மகளிடம் சொன்ன பின் கைரேகை வைப்பதாகச் சொன்னாள். இதை நன்றாக நினைவில் வை. அந்த அறையில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் அவள் மகனும் நானும் மட்டுமே.

பதிவுக்கு நாள் குறித்தவனும் நானே. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கும் முன் என்று எழுதிக் கொடுத்தேன். என்னிடம் பத்திரம் எழுதுவோர் எழுத்துக்காக மட்டும் வருவதில்லை, சாமி குறித்த நேரம் பொய்க்காது என்பதற்காகவும் வருவார்கள். அந்தப் பெயரை நான் பக்தி என்று நம்பினேன். அது செருக்கு. நான் குறித்த நேரத்தில் நின்றுபோன பதிவு அதுவரை ஒன்றும் இல்லை. அலுவலகம் எந்த ஊரில் என்று இங்கே எழுதவில்லை. அங்கிருந்தோர் மீது குற்றமும் இல்லை. நோயாளியைப் படியேற்ற முடியாது என்றால் சார்பதிவாளரே வாசலுக்கு வந்து வண்டியில் வைத்தே கேட்டுப் பதிவு செய்வார். பத்திரத்தோடு புகைப்படம் எடுக்கும் முறை வராத காலம் அது.

பதினொன்றரைக்கு வேன் வந்தது. கதவைத் திறந்து நான் உள்ளே ஏறினேன். நாகம்மா சன்னலோரம் இரண்டு தலையணைகளின் அணைப்பில் அமர்ந்திருந்தாள். மகன் அவள் தோளைப் பின்னிருந்து தாங்கியிருந்தான். நெற்றி நிறையத் திருநீறு, புதிதாகப் பூசியது. அதில் ஒரு கீறலும் இல்லை. முகத்தில் எதுவும் அசையாதபோதுதான் திருநீறு அப்படி நிற்கும். ஓர் ஈ வந்து அவள் கீழிமையில் அமர்ந்தது. அவள் இமைக்கவில்லை. மகன் அதைக் கையால் விரட்டிவிட்டு என்னைப் பார்க்காமல், “தூங்கறாங்க சாமி. வழியெல்லாம் தூங்கிக்கினேதான் வந்தாங்க. நேரம் போயிக்கினு இருக்குது” என்றான். நான் மணியைப் பார்த்தேன். மகளே, நான் அவள் முகத்தை விட்டுவிட்டு மணியைப் பார்த்தேன்.

சார்பதிவாளர் வந்து சன்னலுக்கு வெளியே நின்றார். நல்ல மனிதர், விதிப்படி குனிந்து உரக்கவே கேட்டார்: “அம்மா, உங்க பையனுக்கு எழுதிக் குடுக்கறீங்க. மனசாரத்தானே?” ஓர் இமைப்பொழுது ஓசையே இல்லை. பிறகு வேனுக்குள்ளிருந்து “ஆங்” என்று ஒரு குரல் எழுந்தது. தாழ்ந்த, களைத்த குரல். அவர் தலையசைத்துவிட்டுப் பத்திரத்தையும் பதிவேட்டையும் நீட்டினார். நான் அவளுடைய இடது கைப் பெருவிரலைப் பற்றினேன். ஆழ்கிணற்றுச் சுவரில் கை வைத்தது போல இருந்தது. அது என்னை எதிர்க்கவுமில்லை, எனக்கு உதவவுமில்லை. மையில் வைத்தேன், தாளில் வைத்தேன், எடுத்தேன். நான் எடுத்த ரேகைகளிலேயே மிகத் தெளிவானது அதுதான். அடையாளம் காட்டும் சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தை இட்டேன். அப்போது மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. மறுநாள் விடியற்காலை அவள் இறந்ததாக ஊரில் பதிவு செய்தார்கள். ஆகவே தாள்களில் எந்தப் பிழையும் இல்லை. நீ எத்தனை முறை படித்தாலும் தேதிகள் ஒழுங்காகவே நிற்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்த மகன் மொட்டைத் தலையுடன் என்னிடம் வந்தான். நன்றி சொல்ல வந்தவன் போலத்தான் அமர்ந்தான். பிறகு அருகில் குனிந்து, “சாமி, அன்னிக்கு ஆங்னு சொன்னது நீங்கதானே?” என்றான். அவன் உதடுகள் அசையவில்லை என்பதை நான் பார்த்திருந்தேன். ஓட்டுநர் தேநீர்க் கடையில் நின்றிருந்தான். நான்தான் என்று சொன்னேன். அவன் முகம் தெளிந்து எழுந்து போனான். உன்னிடம் முழு உண்மையையும் சொல்லவேண்டும்: வாய் திறந்ததாக எனக்கு நினைவே இல்லை. எத்தனையோ நூல்களைப் படித்தவன், எத்தனையோ செய்யுள்களுக்குப் பிறர் முன் பொருள் சொன்னவன், இந்த ஒற்றைச் சொல் எந்தத் தொண்டையிலிருந்து வந்தது என்பதற்கு இன்றுவரை பொருள் காணவில்லை. எவர் சொல்லியிருந்தாலும் அது நாகம்மாவின் சம்மதம் அன்று என்பதை நான் அறிவேன். அறிந்தும் வாய் மூடியிருந்தேன். குற்றத்துக்கு அது போதும்.

அன்று நான் செய்த மற்றொன்றையும் சொல்கிறேன். இது சட்டத்தில் வராது. ஆனால் என்னை அரித்தது இதுவே. மனைவி கருவுற்றிருக்கையில் கணவன் பிணத்தைத் தொடலாகாது என்பது நம் குடியில் விலக்கு. தொட நேர்ந்துவிட்டால் உடுத்த துணியோடு தலை முழுகி, பிறகே வாசல் மிதிக்கவேண்டும். நான் அன்று முழுகவில்லை. தண்ணீர் இல்லாமலன்று, நேரம் இல்லாமலன்று. முழுகினால் உன் தாய் யார் போனது என்று கேட்பாள். அதைவிட, முழுகினால் நான் தொட்டது பிணம் என்று எனக்கே ஒப்புக்கொண்டவனாவேன். ஆகவே கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அந்தக் கையாலேயே விளக்கேற்றினேன். அந்தக் கையாலேயே, நீ உள்ளே புரள்கிறாய் என்று உன் தாய் அழைத்தபோது, அவள் வயிற்றைத் தொட்டேன். நீ புரளுவதை நிறுத்தினாய். மாலை வரை அசையவில்லை. குழந்தைகள் அப்படி உறங்குவதுண்டு என்று மருத்துவச்சி சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்தப் பிற்பகலை நான் இருந்த இருப்பில் எவரும் இருக்க வேண்டாம்.

நீ பிறந்த பின் உன் இடது கைப் பெருவிரலை நான் பார்த்த பார்வையை நீ அறியமாட்டாய். பள்ளியில் ஆதார் எடுக்க வந்தபோது அந்தப் பொறி உன் பிற விரல்களையெல்லாம் ஏற்றுக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் மூன்று முறை தள்ளியது. விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். உன் தாய் சிரித்தாள்: “பாத்திரம் தேய்ச்சி ரேகை தேஞ்சிடுச்சின்னா நியாயம். இவ ஒரு டம்ளர் கழுவினதில்ல, இவளுக்கு எப்படிங்க தேயும்?” எல்லாரும் சிரித்தார்கள். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். நான்காம் முறை ஏற்றுக்கொண்டது. குழந்தை விரலின் ரேகை மெல்லியது, ஈரம் இருந்தால் பதியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நோன்புகளைக் கூட்டினேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தேன். ஊரார் என் பக்தியை மெச்சினார்கள். நான் இறைவனிடம் வேண்டியதெல்லாம், அந்த விரல் என்னை நினைவில் வைத்திருக்க வேண்டாம் என்பதையே. செல்லவேண்டிய வாசல் மலைமேல் இல்லை, பள்ளிப்பட்டில் இருந்தது என்பதை ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

நேற்று அங்கே போனேன். நீ ரயிலேறியதும் நான் பேருந்தேறினேன். உன் நிறுவனத்தைப் பற்றியோ உன் வேலையைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது உன்னுடைய மறைபொருள். என்னுடையதை மட்டும் சொன்னேன். ரேணுகாவுக்கு இப்போது வயது ஐம்பது தாண்டிவிட்டது. கணவர் இல்லை. வாடகைக் கொட்டகையில் வேறொருவரின் விசைத்தறியை ஓட்டுகிறாள். நான் சொல்லத் தொடங்கியதும் தறியை நிறுத்தினாள். அத்தனை நேரம் இரைந்த கொட்டகை அடங்கியதும் என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. முழுவதும் கேட்டாள். அழவில்லை, ஏசவுமில்லை. தனக்குத் தெரியும் என்றாள். எப்படி என்று கேட்டேன்.

“நான்தானே சாமி குளிப்பாட்டினேன். கட்டை விரல்ல மை இருந்துச்சு. எங்கம்மா கையில எது பட்டாலும் முந்தானையில தேய்ச்சிட்டுத்தான் மறுவேல. சாணி பட்டாலும் அப்படித்தான், சுண்ணாம்பு பட்டாலும் அப்படித்தான். அன்னிக்கு முந்தானை வெள்ளையா இருந்துச்சு. மை அப்படியே இருந்துச்சு. உயிரோட வெச்சிருந்தா தேய்ச்சிருப்பா.”

இத்தனை ஆண்டுகளாக ஏன் கேட்கவில்லை என்றேன். யாரிடம் கேட்பது என்று திருப்பிக் கேட்டாள். அண்ணனிடம் கேட்டாளாம். எழுதியவர் பெரிய பக்திமான், அவர் பொய்க்குக் கையெழுத்து இடுவாரா என்று அவன் வாயை அடைத்தானாம். மகளே, நான் ஏறிய படிகளும் நான் பாடிய பாட்டுகளும் அந்தப் பெண்ணின் வாயில் அடைக்கும் துணியாகப் பயன்பட்டிருக்கின்றன. நிலம் போனால் போகட்டும், மனம் ஆறியது என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை. “எனக்கு என் பங்கு வேணும் சாமி. வாயால சொல்லிட்டுப் போவாதீங்க. அன்னிக்கும் யாரோ வாயாலதான் சொன்னாங்க. எழுதிக் குடுங்க” என்றாள். அங்கேயே, பாவு நூல் சுற்றிய கட்டையின் மீது தாளை வைத்து, நடந்ததனைத்தையும் என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு படி அவளிடம் இருக்கிறது. மற்றொன்று என்னிடம்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, நீ உன் குறிப்பை உன் மூத்த வக்கீலிடம் கொடுக்கவேண்டிய நாள். உன் நெஞ்சில் என்ன ஓடுகிறது என்பதை நான் ஊகிக்கிறேன். அந்தப் பத்திரத்தில் பிழை இல்லை என்று எழுதினால் எவரும் உன்னைக் கேட்கமாட்டார்கள். ரேகை அசையவில்லை என்பதை வைத்து எந்த வக்கீலும் எந்த உரிமையையும் மறுப்பதில்லை. சார்பதிவாளர் காலமாகிவிட்டார். அந்த மகனும் போய்விட்டான். அந்த வேனுக்குள் இருந்தவர்களில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. ரேணுகா கையிலுள்ள தாள் மட்டும் அந்தக் கம்பெனியை எட்டாது; நீ எழுதாவிட்டால் உன் தந்தை காப்பாற்றப்படுவான், ரேணுகா தறி ஓட்டிக்கொண்டே சாவாள், அந்த நிலத்தின் மேல் கிடங்கு எழும்பும். நீ எழுதினால் எனக்கு வழக்கு வரும். வரட்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. என் அச்சம் வழக்கைப் பற்றியது அன்று. நான் மணியைப் பார்த்த அந்த நொடி போன்ற ஒன்று, உன் தொழிலின் முதல் மாதத்திலேயே, என் பொருட்டு உனக்கு வந்து வாய்த்திருக்கிறதே என்பதுதான்.

தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும் இடத்தில்தான் நின்று பார்க்கவேண்டும் என்பதை நீ எவரும் சொல்லாமலே கற்றிருக்கிறாய். பிழையைத் தேடுவோர் பலர்; பிழையின்மையைக் கண்டு ஐயுற்றவள் நீ. அந்தக் கண் என்னிடமிருந்து வந்தது அன்று. உனக்கு நான் அறிவுரை சொல்லும் தகுதியில் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கும் இடத்தில் இருக்கிறேன். மனம் ஒருபுறமும் கை ஒருபுறமுமாக ஒரு தாளிலும் கையெழுத்திடாதே. அப்படி இட்டவனுக்குப் பிறகு தன் குரல் எது என்றே தெரியாமல் போய்விடும்.

வெள்ளிக்கிழமை உன்னோடு நானும் ரயிலேறுகிறேன். உன் தாயிடம் இன்று மாலை எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் என்ன சொன்னாலும் ஏற்பேன். அந்த ஓசையில்லாத தரையில் எனக்கு நடக்கத் தெரியாது. நீ முன்னே போ. உன் மூத்த வக்கீல், வந்திருப்பவர் யார் என்று கேட்கும் முன்பே நீ சொல்லிவிடு. கோப்பில் உள்ள பத்திரத்தை எழுதியவர் என்று தொடங்காதே. அப்படித் தொடங்கி உறவைப் பிறகு சொன்னால், அந்த இடைவெளியில் நீயும் ஒன்றை மறைத்தவளாவாய். மறைப்பது எனக்கும் அவ்வளவு சிறிய இடைவெளியில்தான் தொடங்கியது. இவர் என் நைனா என்று முதலில் சொல். சாட்சி என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன்.